வேலை நேரத்துப் பிஸ்கட்

மார்ச் 4

அன்பு அக்காவுக்கு,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். எடை குறைக்கும் ஆபரேஷன் செய்துகொள்ள முடிவு செய்துவிட்டேன். ஏப்ரல் பத்தாம் தேதி. இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிடுவார்கள்.

"இது மந்திரமில்ல. வாழ்நாள் பூரா கொஞ்சமாத்தான் சாப்பிடணும், சத்து மாத்திரை போடணும். விட்டா எடை திரும்ப ஏறும்" என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார். ரத்தக்கசிவு, தையல் விட்டுப்போவது என்று ஆபத்துகளையும் மறைக்கவில்லை. கூட இருக்க ஒருவர் வேண்டுமாம். வருவாயா?

உன் தங்கை

மார்ச் 11

என் வாயாடிக்கு,

வர மாட்டேன். நன்றாக இருக்கிற வயிற்றை யாராவது வெட்டுவார்களா? கொஞ்சம் வாயைக் கட்டினால் ஆகாதா? பிஸ்கட் கம்பெனியில் ருசி பார்க்கிறவள் நீ. நாக்கு மாறிப்போனால் பிழைப்புக்கு என்ன செய்வாய்?

கோபத்துடன்,
அக்கா

மார்ச் 19

அன்பு அக்கா,

நீ திட்டியதில் ஒரு நன்மை. சாப்பிடுவதையெல்லாம் எழுதச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு நோட்டு கொடுத்திருந்தார்கள். உன் கடிதத்தைப் படித்ததும் அதைப் புரட்டினேன். மூன்று வாரக் கணக்கில் ஒரு பிஸ்கட்கூட நான் எழுதவில்லை! நாளுக்கு முப்பது தின்கிறேன் அக்கா. பதினான்கு வருஷமாக அதை வேலை என்றே நினைத்திருக்கிறேன், தீனி என்று தோன்றவே இல்லை.

மறுநாளே போய்ச் சொன்னேன். உணவு ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஆபரேஷனுக்கு அப்புறம் இனிப்பு அதிகமாப் போனா படபடப்பு, மயக்கம் வரும். மொதல்ல அந்த வேலையை விட்டு வெளிய வாங்க" என்றார். தேதி மே 22க்குத் தள்ளிப்போனது. நான் பேக்கிங் பகுதிக்கு மாற்றல் கேட்டு வாங்கிவிட்டேன். சூப்பர்வைசருக்குத்தான் என்னை விட மனசே இல்லை.

தங்கை

மார்ச் 27

வாயாடி,

பார்த்தாயா? பிஸ்கட்டை நிறுத்தினாலே போதும், கத்தி எதற்கு?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டவள் நான். "சாயங்காலம் பாக்கலாம்டி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவ்வளவுதான். இன்னொரு தடவை என்னால் முடியாது.

அக்கா

மே 6

அக்கா,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. நீ சொன்னதையும் செய்துதான் பார்த்தேன். ஏழு கிலோ குறைந்தது, அதோடு சரி. சர்க்கரை இறங்கவில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு தூங்குகிறேன்.

அம்மாவை நினைத்து நானும் அழுதேன். எனக்கும் பயம்தான். ஆனால் இப்படியே இருப்பது அதைவிடப் பயமாக இருக்கிறது. நாளை மறுநாளிலிருந்து இரண்டு வாரம் வெறும் திரவ உணவு, ஆபரேஷனுக்கு வசதியாகக் கல்லீரல் சுருங்குவதற்காக. கையெழுத்தை நானே போட்டுவிட்டேன். நீ வராவிட்டால் பேக்கிங்கில் இருக்கும் தோழி வருவாள். உன்மேல் வருத்தமில்லை.

தங்கை

மே 14

வாயாடி,

எனக்கு இன்னும் சம்மதமில்லை. அந்தப் பெண்ணை அவள் வேலையைப் பார்க்கச் சொல், பத்தொன்பதாம் தேதி நான் வருகிறேன். பயப்படுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ தூங்கி எழுந்து வா.

அக்கா