பொருத்தம் கொடுக்காத வீடு

அன்பு மகள் மஸ்தூராவுக்கு, உன் உம்மா ஷராஃபத் சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் காவல் உன் தலைமேல் இருக்கட்டும். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மற்றதைப் படித்துத் தெரிந்துகொள். போன கடிதத்தில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லும் முன், வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நம் முற்றத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை எழுதிவிடுகிறேன், நாளைக்கு யாரும் மாற்றிப் பேசக்கூடாது. நான், உன் வாப்பா, உன் அண்ணன் பெண்டாட்டி குல்செஹ்ரா, இது நம் வீட்டார். வந்தவர்கள் மூன்று பேர். தெருத்தலைவர் எர்காஷ், உன் அண்ணன் அய்பெக்குக்கு ஒன்பது வருடம் தீர்ப்பு எழுதிய நீதிபதி நொதிர், அவன் பெண்டாட்டி ஸமீரா. வேறு ஒரு குருவிகூட இல்லை. முன்பெல்லாம் நொதிரை அவர் என்றுதான் எழுதுவேன், உன் வாப்பாவோடு ஒரே பெஞ்சில் படித்தவர், நம் வீட்டு ரொட்டியைத் தின்று வளர்ந்தவர் என்று. இனிமேல் என் பேனாவில் அவன்தான்.

அவன் ஹஜ்ஜுக்குப் போகிறானாம். போகிறவர்கள் வீடு வீடாகப் போய், செய்த பிழையை மன்னிக்கச் சொல்லிப் பொருத்தம் கேட்பது நம் தெரு வழக்கம்தானே, கேட்காமல் போனால் ஹஜ்ஜு நிறைவேறாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எல்லா வீட்டிலும் வாங்கிவிட்டு நம் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தான். தேநீர் ஊற்றினோம், விருந்தாளிக்குத் தேநீர் மறுக்கிற வீடில்லை இது. கிண்ணத்தைத் தொடாமலேயே, ஷராஃபத் தங்கச்சி, அறிஞ்சோ அறியாமலோ எதுவும் செஞ்சிருந்தா பொருந்திக்குங்க என்றான். எர்காஷ் உடனே துஆ கேட்கக் கையை ஏந்திவிட்டார், பொருந்தினோம்னு சொல்லுங்க தங்கச்சி, நல்ல காரியம், நேரமாகுது என்று அவசரப்படுத்தினார். உன் வாப்பாவின் கையும் பாதி எழும்பிவிட்டது, அவர் மனசு வெண்ணெய், உனக்குத் தெரியும். நான் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. அண்ணே, அறியாம செஞ்சதையெல்லாம் இப்பவே பொருந்திக்கிட்டேன், அறிஞ்சு செஞ்சதை அய்பெக்கிட்ட கேளுங்க, அவன் விலாசம் உங்களுக்குத் தெரியாததா, நீங்க எழுதிக் கொடுத்ததுதானே என்றேன். உன் வாப்பா என் கையைப் பார்த்தார், தன் கையை மெல்ல இறக்கிக்கொண்டார். எர்காஷின் கை மட்டும் அந்தரத்தில் நின்றது, கடைசியில் அதைக் கொண்டு தாடியைத் தடவிக்கொண்டார்.

பொருத்தம் கேட்க மட்டும் வந்ததாக நினைக்காதே. ஸமீரா என் பின்னாலேயே அடுக்களைக்கு வந்தாள். நீ சாட்சி சொன்ன பிறகு அந்த வெளிநாடுகள் போட்ட தடைப் பட்டியலில் புருஷன் பெயர் ஏறியதிலிருந்து பட்ட பாட்டையெல்லாம் அவள் வாயாலேயே சொல்லக் கேட்டேன். வெளிநாட்டில் படித்த மகன் கம்ரோனைப் படிப்பு முடியும் முன்னே திருப்பி அனுப்பிவிட்டார்களாம், கடற்கரையில் வாங்கிய வீட்டுக்குப் பூட்டாம், துணிக்கடையில் அட்டையை நீட்டினால் எல்லோர் முன்னாலும் செல்லாது என்று திருப்பிக் கொடுக்கிறார்களாம். சொல்லிச் சொல்லி அழுதாள். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், அன்று இரவு எனக்குச் சோறு ருசித்தது. உன் அண்ணன் என்ன செய்துவிட்டான், போராட்டத்தன்று போலீஸ் பிடித்துக்கொண்டு போன லாரி ஓட்டுநர்கள் எங்கே என்று போனில் படம் எடுத்துக்கொண்டே கேட்டான், அவ்வளவுதான். தீர்ப்பு நாளில் கடைசி வார்த்தை சொல்ல எழுந்தவனைப் பாதியில் உட்காரச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தான் இந்த நொதிர். அதைக் கண்ணால் கண்டவள் நான்.

அழுது முடித்துவிட்டு ஸமீரா விஷயத்துக்கு வந்தாள். அக்கா, உங்க மக அங்கே கொடுத்த சாட்சியை வாபஸ் வாங்கிட்டா இவர் பேரை எடுத்துடுவாங்க, இவர் பேர் போனா வர்ற பொது மன்னிப்புல அய்பெக் பேர் வரும், பிள்ளைக்குப் பிள்ளை, நாமளும் தாய்தானே என்றாள். உன் பிள்ளை மெத்தையிலும் என் பிள்ளை சிமெண்டிலும் படுத்திருக்கும்போது பிள்ளைக்குப் பிள்ளை எந்தத் தராசுல சரியாகுது ஸமீரா என்று கேட்டுவிட்டேன். முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். வாய்தான் அப்படிக் கேட்டது மகளே. வாசலில் உன் அண்ணன் வந்து நின்று செருப்பைக் கழற்றுவது போலக் கண்ணுக்குள் வந்து போனது. உன் வாப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு, அவனும் போயிட்டா எனக்கு ஜனாஸாப் பெட்டி தூக்க யாரு இருக்கா என்று மட்டும் கேட்டார். 

அதனால் நானாக ஒன்றும் முடிவு செய்யவில்லை, சந்திப்பு நாளன்று சிறைக்குப் போய் உன் அண்ணனிடமே கேட்டேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன், நடுவில் போன், பக்கத்தில் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும் காவலாளி. மெலிந்திருக்கிறான், பொய் சொல்ல மாட்டேன், ஆனால் இருமல் நின்றுவிட்டது. பட்டியல் வந்த பிறகுதான் ஈர அறையிலிருந்து மாற்றினார்களாம், மருந்து கொடுத்தார்களாம், அதுவரை ஏய் என்று கூப்பிட்ட சிறை அதிகாரி இப்போது தம்பி என்கிறாராம். தன் பெயரும் ஏறிவிடுமோ என்கிற பயம். முழுவதையும் கேட்டுவிட்டு அய்பெக் சிரித்தான். பேரை எடுக்கச் சொல்லாதே உம்மா, எடுத்தா நான் ஒருத்தன் வெளியே வருவேன், மறு வாரம் வேற பேர்ல உள்ளே போவேன், இங்கே பக்கத்துல படுக்கிற லாரிக்காரருக்கு யார் மருந்து கொடுப்பா என்றான். பிறகு காவலாளியைத் திரும்பிப் பார்த்து, அண்ணே நல்லா எழுதிக்கங்க, எழுத்துப்பிழை இல்லாம என்றான். வீட்டுக்கு வந்து உன் வாப்பாவிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவன் என் மகன்தான் என்றார். அன்று சாப்பிட்டார்.

ஆகவே அங்கே, பெயரைப் பட்டியலில் வைத்திருக்கக் குடும்பத்தின் சம்மதம் வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் இதைச் சொல். நொதிரின் பெயர் இருக்கட்டும். எங்களுக்குக் கஷ்டம் வருமோ என்று கவலைப்பட்டார்களாம், கஷ்டம் வந்து நம் வீட்டில் பாய் விரித்துப் படுத்துக் கொஞ்ச காலமாகிறது. நீ அனுப்பும் செய்திகளை எழுத்துக் கூட்டிப் படித்து, என் கணக்கு நோட்டில் மாவு எண்ணெய்க்குக் கீழே எந்த நாடு என்ன சொன்னது என்று குறித்துவைக்கிறேன். ஒருவர் கவலை என்கிறார், ஒருவர் ஆழ்ந்த கவலை என்கிறார், அந்தக் கவலையைக் காட்டினால் கடையில் உப்புகூடத் தரமாட்டார்கள். அதே நாட்டார் அடுத்த மாதம் இங்கே வந்து எரிவாயு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் புலாவ் சாப்பிட்டுப் போவதையும் குறித்திருக்கிறேன். வரவுப் பக்கத்தில் இதுவரை ஏறியது இந்த ஒரு பெயர்தான். இருக்கிற ஒரு வரவையும் யாராவது அடிப்பார்களா.

இன்னொரு பெயரும் சேர்க்க வேண்டும். மருத்துவர் ஹம்தம் தொலிபோவ், மாவட்ட மருத்துவமனை. உன் அண்ணன் முதுகைப் பார்த்துவிட்டுப் படிக்கட்டில் விழுந்தான் என்று சான்றிதழ் கொடுத்தவர். அவனைப் பிடித்து வைத்திருந்த காவல் நிலையத்துக்கு மாடியே கிடையாது, வாசலில் ஒரே ஒரு படி, நான் எத்தனை நாள் அதில் உட்கார்ந்திருப்பேன். சான்றிதழின் நகலை இதனுள் வைத்திருக்கிறேன். வருடா வருடம் கருத்தரங்கு என்று வெளிநாடு போய்ப் படம் எடுத்துப் போடுவதில் அவருக்குக் கொள்ளை ஆசை. இந்த வருடம் விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு திரும்பி வரட்டும், நான் வாசலில் நின்று பார்க்க வேண்டும்.

நொதிர் செவ்வாய்க்கிழமை புறப்பட்டுப் போய்விட்டான். வழியனுப்பு விருந்துக்கு இரண்டு அண்டா புலாவ் வைத்தானாம், ஒரு அண்டா மிஞ்சி நாய்க்குப் போனதாம். நாங்கள் பொருத்தம் கொடுக்கவில்லை என்று தெரிந்ததும் கொடுத்தவர்கள்கூடப் போகவில்லை, அரசாங்கத்துக்குப் பயந்த தெருதான், மறுமைக்கும் கொஞ்சம் பயம் இருக்கிறது போல. அவன் கஃபாவை முதன்முதலாகக் காணும் நேரத்தில் அய்பெக்கின் முகம் குறுக்கே வந்து நிற்கட்டும் என்று ஐந்து வேளையும் கேட்கிறேன். இப்படி துஆ செய்யலாமா என்று யாரிடமும் கேட்கவில்லை. அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்குத் திரை இல்லை என்பார்கள், அது போதும்.

குல்செஹ்ராவைப் பள்ளிக்கூட வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள், மெத்தை தைக்கிறாள், தையல் சுத்தம், ஆர்டர் வருகிறது. நீ நின்றுகொண்டே சாப்பிடுவதை விடு, ரொட்டியைக் கவிழ்த்து வைக்காதே, அது ரொட்டிக்கு மரியாதை இல்லை, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நம் மொழி பேசிக்கொண்டு அழுதபடி யாராவது உன்னைத் தேடி வந்தால் தேநீர் கொடு, கையெழுத்து கொடுக்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் தளராத முதுகெலும்பையும் தரட்டும். துணி வாங்க இஸ்தான்புல் போகும் ஹுர்ஷிதா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், அங்கிருந்து தபாலில் போடுவாள். பதிலையும் அவள் தங்கும் விலாசத்துக்கே அனுப்பு, வீட்டுக்கு எழுதாதே. மருத்துவர் பெயரைச் சேர்ப்பார்களா மாட்டார்களா, சீக்கிரம் பதில் எழுது.

உன் உம்மா
ஷராஃபத்