மாரப்பனுக்குக் கிடைக்காத லீவு

1937 ஜூலை 6
இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது போல இருக்கிறது. வலது கையில் கட்டு. காயத்துக்காக லீவு, பாதிச் சம்பளத்தோடு. எஸ்டேட் லைன் வீடுகளில் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். மழை. தேயிலை ஃபாக்டரியில் பெல்ட் ஓடும் சத்தம் இங்கே வரை கேட்கிறது.

ஜூலை 8
தூக்கம் இல்லை.

ஜூலை 9
எழுதிவிட்டால் போய்விடுமா? கை நசுங்கிய அன்று காலையில் மாரப்பனுக்குக் காய்ச்சல். தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. துரையிடம் லீவு கேட்டான். இலை குவிந்து கிடக்கிறது என்று துரத்திவிட்டார். இலை உருட்டும் ரோலர் அறையில் என் பக்கத்தில்தான் நின்றான். தலை சுற்றி, ஓடுகிற பெல்ட்டின் மேல் சாய்ந்தான். சட்டையைப் பிடித்து இழுத்தேன். என் விரல்கள் நசுங்கின. நான் விடவில்லை. பெல்ட்டும் விடவில்லை.

ஜூலை 13
அவன் மனைவி பாலாமணி வந்து கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன மனுசன் நான்?

ஜூலை 20
கம்பவுண்டர் தனசிங் கட்டை அவிழ்த்தார். "கை ஆறிப்போச்சுங்க. நாளைக்கு வேலைக்குப் போலாம்."
"கண்ணை மூடுனா அவன் நிக்கறானுங்க. இன்னுங் கொஞ்ச நாள் எழுதிக் குடுங்க."
அவர் என் முகத்தைப் பார்க்காமல் துணியைச் சுருட்டினார். "அதுக்கெல்லாம் லீவு எழுத முடியாதுங்க லிங்கசாமி."
போகாவிட்டால் வீட்டைக் காலி பண்ண வேண்டும்.

ஜூலை 21
போனேன். ரோலர் அறையைக் கழுவியிருக்கிறார்கள்.
தூள் சலிக்கும் இடத்தில் பாலாமணி! காரியம் முடிந்த மறுநாளே வந்துவிட்டாளாம். அங்கிருந்து பார்த்தால் அந்த பெல்ட் நேராகத் தெரியும். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே சலிக்கிறாள்.
சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து நின்றாள். "ஏனுங்ணா, அவரு கடைசியா என்ன சொன்னாருங்க?"
ஏதாவது பொய் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். வரவில்லை.
"ஒண்ணுஞ் சொல்லலை அம்மிணி. கொஞ்சம் முன்னாடி தண்ணி கேட்டான். குடுத்தேன்."
"குடிச்சாருங்களா?"
"குடிச்சான்."
தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 3
பாலாமணிக்குக் காய்ச்சல். சல்லடையைப் பிடித்தபடி தள்ளாடினாள். மேஸ்திரி போய்த் துரையிடம் கேட்டார். லீவு இல்லையாம்.
எனக்கு என்ன ஆச்சோ... எல்லா மெஷினையும் ஓட்டுகிற அந்த பெல்ட்டைக் கழியால் நெம்பிக் கழற்றிவிட்டேன். ஃபாக்டரியே நின்றது. துரை ஓடி வந்தார்.
"அந்தப் புள்ளைய ஊட்டுக்கு அனுப்புங்க. அப்பறம் மாட்டறேன்."
என் குரல் மாதிரியே இல்லை. துரை மற்றவர்களைப் பார்த்துக் கத்தினார். ஒருவரும் பெல்ட்டைத் தொடவில்லை. கடைசியில் அவளைப் போகச் சொன்னார். பிறகு என்னையும் — ஒரேயடியாக.

ஆகஸ்ட் 19, குன்னூர்
தேயிலைக் கிடங்கில் பெட்டி சுமக்கிறேன். விரல்கள் முழுதாக மடங்கவில்லை. பாலாமணி தேறிவிட்டாள் என்று சந்தைக்கு வந்த தனசிங் சொன்னார்.
இன்று விடியற்காலையில் பெல்ட் ஓடும் அதே சத்தம். "மாரப்பா!" என்று எழுந்து கையை நீட்டிவிட்டேன். ரயில்தான். ஊட்டிக்கு ஏறிக்கொண்டிருந்தது. சத்தம் அடங்கும்வரை நீட்டிய கையை மடக்காமல் உட்கார்ந்திருந்தேன்.