நுனி கடித்த கொட்டைகள்

அக்டோபர் 6
வீட்டுக்கு மேலே சரிவில் நின்ற வெள்ளை ஓக் மரத்தை இன்று சாய்த்துவிட்டார்கள். நிலக்கரிச் சுரங்கத்துக்கு லாரிப் பாதை வேண்டுமாம். என் புருஷன் வெர்லின், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தான்.

"அதோட கொட்டை ஒண்ணை முளைக்க வை, கிழவி. என்னைப் புதைச்சா தலைமாட்டில அதுதான் நிக்கணும்."

கரித்தூசி தின்ற நெஞ்சு. அடுத்த கோடையைப் பார்க்க மாட்டான் என்று லெக்சிங்டன் ஆஸ்பத்திரி டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார். அவனுக்கும் தெரியும்.

அக்டோபர் 9
மரத்தடியில் முழுக் கொட்டை ஒன்றுகூட இல்லை. புல்டோசர் நசுக்கியது போக மிச்சத்தைச் சாம்பல் அணில்கள் புதைத்துவிட்டன. நான் பார்ப்பது தெரிந்தால் சும்மா குழி தோண்டி, சும்மா மூடுகின்றன. கொட்டை வாயிலேயே இருக்கிறது, திருட்டு ஜென்மங்கள்! ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒளிந்து, புதைக்கும் இடத்தைப் பார்த்துவைத்துத்தான் ஒரு கை நிறையத் தோண்டி எடுத்தேன். டின்களில் ஊன்றினேன். மரத்தடியில் பொறுக்கியதாக வெர்லினிடம் சொன்னேன்.

நவம்பர் 20
ஒன்றும் அசையவில்லை. வெள்ளை ஓக் கொட்டை மண்ணில் விழுந்த கையோடு வேர் விடும் என்கிறான் வெர்லின். பிறகு ஏன்—?

நவம்பர் 23
பக்கத்து வீட்டு ஆர்வில் ஒன்றைத் தோண்டிப் பார்த்துச் சிரித்தான்.

"அணில் புதைச்சதையா நட்டே? போச்சு போ! இந்தக் கொட்டை உடனே முளைச்சிடும்னு அதுக்குத் தெரியும். நுனியில இருக்கிற முளையைக் கடிச்சு எடுத்துட்டுத்தான் புதைக்கும். குளிர்காலச் சாப்பாடு கெடக்கூடாதுல்ல?"

எல்லாவற்றிலும் அதே பல்தடம். ஐயோ, வெர்லின்கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?

ஜனவரி 14
"முளைச்சுதா?"

"உள்ள வேர் விட்டிருக்கு."

பாவி நான்.

ஏப்ரல் 24
மலை முகட்டில் அணில் மறந்துபோன சிவப்பு ஓக் கொட்டை ஒன்று முளைத்து நின்றது. பெயர்த்து டின்னில் வைத்து, அவன் கட்டிலருகே கொண்டுபோனேன். அந்த முகம்! விரலால் தடவித் தடவிப் பார்த்தான்.

"இலை கூரா இருக்கே, ஓபல்."

வெள்ளை ஓக்குக்கு இலை விளிம்பு உருண்டையாக இருக்கும். "குட்டியில அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

சின்ன வயதிலிருந்து அந்த மரங்களுக்கடியில் அணில் சுட்டவன். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆமா. இருக்கும்."

மே 3
வெர்லினைப் புதைத்தோம். செடியைத் தலைமாட்டில் நட்டேன். ஆர்வில் இலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு மண் தள்ளினான்.

மே 5
காலையில் போனேன். அணில் செடியைப் பிடுங்கிப் போட்டு, வேரில் ஒட்டியிருந்த கொட்டையை மட்டும் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. இலைகள் அவன்மேல் வாடிக் கிடந்தன.

பொய்ச் செடிதான். அதுவும் போயிற்று. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.