இரவல் வாங்கிய நல்ல நாள்

என் செல்ல மல்லிகாவுக்கு,

செம்பூரில் வீடு வாங்குகிறேன் என்று சொன்னால் நீ முதலில் என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். "தண்ணி எப்ப எப்பக்கா வரும்?" நாள் முழுக்க வருமாம். அதைவிடப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது, கேள். அந்த வீட்டை எனக்குக் காட்டிய ஏஜெண்ட் உன் மகள் கவிதா. அவள் கொரிய மொழியில் பேசித்தான் இந்தக் காரியமே நடக்கிறது.

நம்ப மாட்டாய்தானே? தாராவியில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கிற ஒற்றைச் சுவரைத் தாண்டி அவளுடைய கொரிய சீரியல் சத்தம் என் அடுப்படி வரை வரும். பின்னாலேயே உன் சத்தமும் வரும். "இதா ஒனக்குச் சோறு போடப் போவுது?" போடுகிறது மல்லிகா. வகுப்புக்குப் போய் முறையாகப் படித்துவிட்டு, மும்பைக்கு வேலையாக வரும் கொரியக் குடும்பங்களுக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுக்கிறாள். அப்படி அவள் குடிவைத்த வீடு ஒன்றை அதன் சொந்தக்காரர் விற்கப் போவதாகச் சொன்னதும், முதல் போன் எனக்குத்தான் வந்தது.

வீட்டில் குடியிருந்த கொரியாக்கார அம்மாவுக்கு நம் வயதுதான் இருக்கும். பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மின்ஜுன் அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நம் சந்தில் உன்னைக் கவிதா அம்மா என்பார்களே, அதே மாதிரி. சுவரில் ஓதம் இருக்கிறதா என்று பார்க்கப் போனவள், அந்த அம்மாவின் அடுக்களையைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஊறுகாய் மாதிரி ஒன்று போட்டு வைக்கிறார்கள், அதற்கென்று தனியாக ஒரு ஃபிரிட்ஜ்! நீ பார்த்திருந்தால் மூடியைத் திறந்து மோந்து பார்க்காமல் வந்திருப்பாயா?

விலை பேசி முடிந்தது. சிக்கல் நாளில்தான் வந்தது. ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். ஆனால் அந்த அம்மா காலி செய்வதாகச் சொன்ன தேதி ஆடி பிறந்து நாலைந்து நாள் கழித்து வந்தது. முன்னாலேயே போகச் சொன்னால் முடியாது என்று தலையாட்டினார். சரி, ஆவணியில் வருகிறேன் என்றால், அதுவரை காத்திருக்க முடியாது, வேறு பார்ட்டி தயாராக இருக்கிறது என்றார் வீட்டுக்காரர்.

கவிதாவுக்கு என்மேல் கோபம். "ஆடியாவது ஒண்ணாவது பெரியம்ம! இந்த ரேட்டுக்கு இனிமே செம்பூர்ல கோழிக்கூடுகூட கெடைக்காது" என்றாள். வாஸ்தவம்தான். ஆனால் என் பயம் என்னவென்று உனக்குத் தெரியும். நீ டோம்பிவிலிக்குக் குடி போனது ஆடியில். வேண்டாம் என்று நான் கையைப் பிடித்தபோது, "பம்பாய்ல ஏதுக்கா ஆடி? இங்க மழை மட்டுந்தான்" என்று சிரித்துவிட்டு டெம்போவில் ஏறினாய். அடுத்த பொங்கலுக்கு நீ இல்லை. வேலைக்குப் போகிற ரயிலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய் என்றார்கள். ஆடி காவு வாங்கிவிட்டது என்று சாவு வீட்டில் யாரோ சொன்னார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசியாக ஒருமுறை பேசிப் பார்ப்போம் என்று, மாட்டுங்காவில் வாங்கிய தினசரிக் காலண்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். அதை மேசைமேல் விரித்ததும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. தன் போனை எடுத்து அவரும் ஒரு காலண்டரைக் காட்டினார்.

"அவியளும் நாள்தான் பாக்காவ பெரியம்ம" என்றாள் கவிதா. ஆளுக்குத் தொந்தரவு கொடுக்கிற ஏதோ ஒன்று, நம் சூலம் மாதிரி, நாளுக்கொரு திசையில் நிற்குமாம். சில நாள் மட்டும் மேலே போய்விடுமாம். அந்த நாளில்தான் அவர்கள் வீடு மாறுவார்களாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாளும் அவர் சாக்கு சொல்கிறார் என்றல்லவா நினைத்தேன்! ஒரே நாள் அவருக்கு நல்லது, எனக்கு ஆகாதது. எந்த வீட்டில் நல்லதாக இருக்க வேண்டும், எந்த வீட்டில் கெட்டதாக இருக்க வேண்டும் என்று நாளுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் மல்லிகா?

ஆடி என்றால் எனக்கு ஏன் இவ்வளவு பயம் என்று அந்த அம்மா கேட்டார். கவிதா என்னைப் பார்த்தாள். "நீயே சொல்லு" என்றேன். உன் கதையை அவள் கொரிய மொழியில் சொன்னாள். ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. யார் வீட்டுக் கதையையோ சொல்வதுபோல நிதானமாகத்தான் சொன்னாள். அந்த அம்மா ஏதோ கேட்க, அவளும் யோசிக்காமல் பதில் சொன்னாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனில் வருடம் வருடமாகப் பின்னால் போய், ஓரிடத்தில் நிறுத்தி அவளிடம் நீட்டினார்.

கவிதா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"என்னட்டி? என்ன சொல்லுதாவ?"

"அம்மா வீடு மாறுன நாளு... அவிய கணக்குல நல்ல நாளாம் பெரியம்ம."

"தேதி ஒனக்கு ஞாவகம் இருக்கா?"

"எப்பிடி மறக்கும்? நாந்தான அவசரப்படுத்துனேன். வாடகை ரூம் போதும்மா, சொந்த வீட்டுக்குப் போவோம்னு நாந்தான அழுதேன்."

ஆடியாவது ஒண்ணாவது என்று என்னிடம் அடித்துப் பேசிய பிள்ளை, இத்தனை வருடமும் அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். சாவு வீட்டில் எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தவள் அந்தப் பேச்சைக் கேட்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். அந்த அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"அவிய போற அன்னைக்கே நான் வாரேன்னு சொல்லுட்டி" என்றேன்.

"பெரியம்ம, அது ஆடில்லா?"

"இருக்கட்டும். ஒங்கம்மாவுக்கு நல்ல நாளா இருந்தது எனக்கு ஆகாதா?"

புது வீட்டுக்குள் முதலில் சோறு ஆக்கும் குக்கரைக் கொண்டுபோவதுதான் கொரியாக்காரர்கள் வழக்கமாம். கிளம்பும்போது அந்த அம்மா அதையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அதைச் செய்த கையோடு பாலும் காய்ச்சிவிடலாம் என்றிருக்கிறேன். ஒன்று தவறினால் இன்னொன்று காக்கும் என்று வைத்துக்கொள்ளேன்.

பால் பொங்கியதும் முதல் டம்ளர் கவிதாவுக்குத்தான். வீட்டுச் சாவியில் ஒன்றும் அவளிடம் இருக்கும். இனி யாராவது அவள் காதுபட ஆடியைப் பழித்தால், நீ குடி போனது நல்ல நாளில்தான் என்று நான் வாய் திறந்து சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இன்னும் சில நாளுக்கு மட்டும் அதே சுவரின் இந்தப் பக்கம் இருக்கும்
உன் அக்கா,
பேச்சியம்மாள்