மேற்கு வெயிலும் கார்க் பூச்சும்

சார்,

இன்று காலை கடையைத் திறக்கச் சாவியைத் தேடிச் சட்டைப்பையில் கைவிட்டால், இறகுப் பந்தின் தலை ஒன்று வந்தது. நந்தனம் கோர்ட்டில் ஒரு பந்து உடைந்துபோக, இறகுகளைப் பிய்த்து எறிந்துவிட்டுத் தலையை மட்டும் பையில் போட்டிருக்கிறேன். யாருக்குக் கொடுக்க? நீங்கள் போய் மாதங்கள் ஓடிவிட்டன. என் கைக்கு இன்னும் அது தெரியவில்லை.

நான் ராயப்பேட்டையில் பெயிண்ட் கடைக்காரன், நீங்கள் ரிட்டயர் ஆன பேங்க்காரர். கோர்ட்டில் எத்தனையோ வருஷம் ஒரே பக்கம் நின்று ஆடினோம். நீங்கள் ‘பாய்’ என்பீர்கள், நான் ‘சார்’ என்பேன், உங்கள் மனைவியை ‘மாமி’ என்பேன். அதற்குமேல் பெயர் தேவைப்படவில்லை.

மயிலாப்பூரில் உங்கள் வீட்டை ஒட்டியிருந்த பழைய வீட்டை இடித்த பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. அதுவரை நிழலில் இருந்த மேற்குச் சுவர் முழு வெயிலில் நின்றது. மாடியில் அந்தச் சுவரை ஒட்டித்தான் மாமியின் கட்டில். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து மாமிக்கு உலகமே அந்த அறையும் தெருவைப் பார்த்த ஜன்னலும்தான். பூக்காரம்மாவோடு பேச்சு, யார் வீட்டு வாசலில் யார் ஆட்டோ நிற்கிறது என்ற விசாரணை, எல்லாம் அங்கிருந்தே. ஏசி போட்டால் இருமல் பிடுங்கி எடுத்துவிடும். போடாவிட்டால் அறை அடுப்பு. பெங்களூரில் இருக்கும் உங்கள் மகன் ‘என் ஃப்ளாட்டுக்கு வந்துடுங்கோ’ என்று ஃபோனில் விடாமல் பாட, ‘அங்க ஜன்னல்ல மேகம்தாண்டா தெரியும்’ என்று மாமி மறுப்பார்.

சூடு தடுக்கும் பெயிண்ட் கொண்டுவரட்டுமா என்று நான் கேட்டேன்.

‘கோச்சுக்காதீங்கோ பாய். உங்க கடையில விக்கற எதுவும் இந்தச் சுவத்துக்கு ஆகாது.’

நன்றாகவே கோபம் வந்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட வேண்டும், யாரோ மேலே சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்து மூச்சை அடைத்துவிட்டார்கள் என்று விளக்கினீர்கள். ‘ரெயின்கோட் மாட்டிண்டு ஷட்டில் ஆடற மாதிரி பாய்.’ சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, சுண்ணாம்பில் கார்க் தூளை, அதாவது தக்கைத் தூளைக் கலந்து தடிமனாகப் பூசினால் சுவரும் மூச்சு விடும், சூடும் குறையும் என்று எங்கோ படித்திருந்தீர்கள். கார்க்குக்கு எங்கே போவது என்றேன். நீங்கள் கையிலிருந்த பந்தின் தலையைத் திருப்பிப் பார்த்தீர்கள். அதுவும் கார்க்தான். அன்றிலிருந்து நந்தனத்தில் உடைந்த பந்து ஒன்றுகூடக் குப்பைக்குப் போகவில்லை.

அந்தத் தலைகளை அரைத்த தூளை வைத்து, கொத்திய சுவரில் ஒரு முழத்துக்குச் சோதனைப் பூச்சு பூசினோம். இரண்டு நாளில் அறைக்குள் நிற்க முடியவில்லை. ‘இன்னா சார், உள்ள எலி கிலி செத்துப் போய் கீதா?’ என்றார் மேஸ்திரி. பல்லாவரத்தில் தோல் பதனிடும் இடங்களுக்கு நடுவே வளர்ந்த எனக்கு அந்த நாற்றம் தெரியும். பந்தின் தலையைச் சுற்றி மெல்லிய தோல் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமலே அரைத்திருக்கிறோம். ‘தோல்’ என்று மட்டும் சொல்லிவிட்டு, மீதியை எப்படிச் சொல்வது என்று நான் விழிக்க, மாமியே கேட்டார்.

‘என்ன தோல் பாய்?’

‘ஆட்டுத் தோல் மாமி.’

மாமி உங்கள் பக்கம் திரும்பினார். ‘நன்னா இருக்கு. ஆத்துக்குள்ள முட்டைகூட வரப்படாதுன்னு இருந்தேன். நீங்க ஆட்டையே சுவத்துல ஏத்திட்டேள்.’

நீங்கள் திருதிருவென்று விழித்ததை நினைத்து ராயப்பேட்டை வரும்வரை சிரித்தேன்.

பிறகு சிந்தாதிரிப்பேட்டையில், வண்டி எஞ்சின் இணைப்புகளுக்கு நடுவே வைக்கும் கேஸ்கெட் வெட்டும் கடையில் கார்க் கழிவு மூட்டையாகவே கிடைத்தது. மாவு மில்காரர் விரட்டிவிட்டார். சீயக்காய் அரைப்பவர் அரைத்துக் கொடுத்தார். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும், நடுநடுவே தண்ணீர் தெளிக்க வேண்டும். நான் பறந்தால், ‘அதுக்குத் தோணறபோது காயட்டும் பாய்’ என்பீர்கள்.

சுவர் பாதி ஏறியிருந்தபோது, மாசி மாதத்தில், நீங்கள் போய்விட்டீர்கள். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அழுகை அப்புறம்தான் வந்தது, சார். முதலில் உங்கள்மேல் கோபம்தான் வந்தது.

காரியங்கள் முடிந்ததும் மகன் மாமியின் புடவைகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தான்.

‘அப்பா பாதில விட்டுட்டுப் போன வேலை முடியட்டும்’ என்றார் மாமி. ‘கத்திரி வெயில்ல வந்து இந்த ரூம்ல ஒரு மத்தியானம் இருந்து பாரு. உனக்கு முடியலேன்னா நானே கெளம்பிடறேன்.’

அவன் என்னைப் பார்த்தான். நான் மேஸ்திரியைப் பார்த்தேன். பூச்சு சொதப்பினால் மாமி அந்த ஜன்னலை விட்டுப் போக வேண்டும். கலவையைக் கையில் பிடித்துப் பார்த்துச் சரி, தப்பு சொல்ல நீங்களும் இல்லை. பயந்துகொண்டேதான் மீதியை ஏற்றினோம். பூச்சு காயும்வரை கடையை என் மகனிடம் விட்டுவிட்டு, தண்ணீர் தெளிக்க நானே வந்துபோனேன். ஒவ்வொரு தடவையும் மாமி காபி கொடுக்கச் சொல்லி, கோர்ட்டில் நீங்கள் செய்த அழும்புகளைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

கத்திரியில் சொன்னபடி அவன் வந்தான். மத்தியானம் நான் மாடிக்குப் போனபோது மாமி வாயில் விரல் வைத்துக் காட்டினார். தரையில் உட்கார்ந்து, அந்தச் சுவரில் சாய்ந்தபடி அவன் தூங்கிக்கொண்டிருந்தான். மடியில் லேப்டாப் திறந்தே கிடந்தது. மின்விசிறி மட்டும் ஓடியது. சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்ததாகப் பொய் சொல்லமாட்டேன். சுடவில்லை, அவ்வளவுதான். அவன் எழுந்து காபி குடித்துவிட்டு, ‘சரிம்மா, இங்கேயே இரு’ என்றான். காலிப் பெட்டி பரண்மேல் ஏறியது.

அதற்கப்புறம் எனக்கு அங்கே வேலை இல்லை. கடை, கோர்ட் என்று இருந்துவிட்டேன். போன வாரம் மாமி கூப்பிட்டனுப்பினார்.

‘வடக்குச் சுவத்தையும் பூசிடலாமா பாய்?’

‘அந்தப் பக்கம் வெயிலே படாதே மாமி. எதுக்கு வீண் வேலை?’

‘தெரியும்’ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ‘வேலை இருந்தா வருவேளேன்னு பார்த்தேன்.’

வடக்குச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். ‘சுண்ணாம்பு வேலை மாமி, ரொம்ப நாளாகும்’ என்று மட்டும் சொன்னேன்.

‘ஆகட்டுமே’ என்றார்.

சனிக்கிழமை வடக்குச் சுவரைக் கொத்த ஆரம்பிக்கிறோம், சார்.