மருந்து போட்டாச்சா?

மார்ச் 4, செவ்வாய்

துணி காயப்போடப் போனவள், ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு குதித்தபடி திரும்பி வந்தேன். கம்பத்தின் அடியில் புதிதாக ஒரு மண்மேடு. யாரோ சலித்துக் கொட்டிய மண் மாதிரி அப்பாவியாக இருந்தது. மிதித்த பிறகுதான் தெரிந்தது, நெருப்பெறும்பின் வீடு. கணுக்கால் முழுக்க எரிச்சல். ஈரத்துணி அத்தனையும் மண்ணில் விழுந்து, மறுபடி அலசி, நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்குப் போகும்போது நேரமாகிவிட்டது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். என் நொண்டலைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் போனில் இவரிடம் சொன்னேன். "எறும்புதானே, பாத்துக்கலாம்" என்றார். லிஃப்ட் பழுதுபார்க்க ஊர் ஊராகச் சுற்றுகிறவருக்கு எல்லாமே ‘பாத்துக்கலாம்’தான். பார்ப்பது என்னவோ நான்.

மார்ச் 5, புதன்

கடித்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கொப்புளம். செருப்பு வார் பட்டால் உயிர் போகிறது.

மார்ச் 9, ஞாயிறு

இவர் நேற்று வந்தார். வந்தவர் தன் அப்பாவை, என் மாமனாரை, டாக்டரிடம் அழைத்துப் போனார். மாமாவுக்குப் பிரஷர் எக்கச்சக்கமாம். புது மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒரு நாள்கூட விடக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னாராம். அத்தை இருந்தவரை கவலையில்லை, நேரத்துக்கு எல்லாம் அவர் கைக்குப் போய்விடும். அத்தை போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மாமா இப்போதெல்லாம் பேசுவதே அபூர்வம். கேட்டால் பதில், இல்லாவிட்டால் நாற்காலி.

"நான் நாளைக்குக் கெளம்பிடுவேன். நீ கடையிலிருந்து தினம் ஒரு போன் போட்டு அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு" என்றார். சரி என்றேன். என்றைக்கு இல்லையென்று சொன்னேன்?

எறும்புப் புற்றில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் ஒரு புற்று இரண்டாகியிருக்கிறது. இந்தக் கொல்லையில் இரண்டு கொடி. வேண்டிய கொடியில் துணி காயப்போட முடியவில்லை, கீழே எறும்பு. வேண்டாத கொடி சுவரெல்லாம் ஏறிப் படர்கிறது, ஒரு காம்புக்கு மூன்று இலையாக, எண்ணெய் தடவின மாதிரி மினுமினுவென்று. வந்த ஆத்திரத்தில் அதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பிய்த்துப் போட்டேன். மனசுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

தெருமுனைக் கடையில் எறும்பு மருந்து ஒரு டப்பா வாங்கினேன். ரவை மாதிரி இருக்கிறது. புற்றைக் கலைக்காமல் சுற்றித் தூவிவிட்டால், எறும்பே எடுத்துப்போய் ராணிக்கு ஊட்டிவிடுமாம். ஒரு தடவை போட்டுவிட்டு ஒரு வாரம் பொறுக்கச் சொன்னார் கடைக்காரர். டப்பாவை மாமாவிடம் கொடுத்தேன். "இது இனிமே உங்க பொறுப்பு மாமா." தலையாட்டினார்.

மார்ச் 11, செவ்வாய்

கை இரண்டிலும் மணிக்கட்டு வரை அரிப்பு. கோடு கோடாகச் சிவந்து நீர் கோத்திருக்கிறது. அந்தக் கொடி வேலை. தொட்ட அன்றைக்குச் சும்மா இருந்துவிட்டு, சாவகாசமாக மறுநாள் ஆரம்பிக்கும் விஷமாம். பக்கத்து வீட்டு டீச்சர் இன்றைக்குத்தான் சொல்கிறார். போன வாரம் சொல்லியிருக்கலாம்.

இவர் போனில் சிரிக்கிறார். "வேலில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 12, புதன்

கடையில் கூட்டம் குறைந்ததும் வீட்டுக்குப் போன் செய்தேன். "மருந்து போட்டாச்சா மாமா?" "போட்டாச்சு." அவ்வளவுதான் பேச்சு. பரவாயில்லை, முரண்டு பிடிப்பார் என்று நினைத்தேன்.

மார்ச் 17, திங்கள்

மூக்குக்கண்ணாடி மாட்டிச் சரிபார்க்க ஒரு அம்மாவின் காதருகே கையைக் கொண்டுபோனேன். அவர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஒட்டுமா?" என்று முதலாளியிடம் கேட்டார், என்னிடம் இல்லை. ஒட்டாது என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. முதலாளி என்னைப் பின்னறைக்கு அனுப்பிவிட்டார். கழன்ற திருகாணிகளை மாட்டுகிற வேலை. கடுகில் பாதி இருக்கும் திருகாணி. அரிக்கிற கையோடு அதைப் பிடிக்க வேண்டும்.

களிம்பு வாங்கி வந்தேன். வாங்கியதோடு சரி. காலையில் சமையல், பாத்திரம், பஸ். ராத்திரி படுத்தால் எழுந்திருக்கத் தெம்பில்லை. கை எப்படியிருக்கிறது என்று இந்த வீட்டில் ஒருவராவது கேட்டால்தானே எனக்கும் ஞாபகம் வரும்!

மாமாவிடம் இன்றும் கேட்டேன். போட்டாச்சாம்.

மார்ச் 23, ஞாயிறு

அசதி. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 28, வெள்ளி

இன்றைக்கு மாமா போனில் ஒரு வாக்கியம் கூடுதலாகப் பேசினார். "மருந்து தீரப்போகுதும்மா." அதற்குள்ளா? இவர் கொஞ்சமாகத்தான் வாங்கியிருப்பார் போல. இவருக்குச் சொல்லிவிட்டேன், நாளைக்கு வரும்போது வாங்கி வருவார்.

துணி எடுக்கப் போனேன். கம்பத்தடிப் புற்றைச் சுற்றி மருந்து வெள்ளை வெளேரென்று கோலமாவு கொட்டின மாதிரி கிடக்கிறது. மாமாவுக்குத் தாராளக் கை. ஒரு தடவை போதும் என்று யார் அவருக்குச் சொல்வது? அந்த மனிதருக்குப் பொழுதுபோக ஏதோ ஒன்று இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 31, திங்கள்

வாங்கி வந்த மாத்திரைப் பையை அவசரமாக அலமாரியில் செருகிவிட்டு இவர் கிளம்பிப் போய்விட்டார். மாமா வெயிலில் பையோடு தெருமுனையிலிருந்து நடந்து வந்ததாக டீச்சர் சொன்னார். "எங்க மாமா போனீங்க?" "சும்மாதாம்மா." நடக்கிறார், நல்லதுதான். பிரஷருக்கு நடை நல்லது என்பார்கள்.

ஏப்ரல் 2, புதன்

மாமா விழுந்துவிட்டார். கொல்லைப் படியில். டீச்சர்தான் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறார். கடைக்குப் போன் வந்தது — நான் என்ன சொன்னேன், எப்படி வந்தேன், ஒன்றும் நினைவில்லை. விழுந்த இடம் புற்றுக்குப் பக்கம். கையெல்லாம் எறும்பு. டீச்சர் தட்டிவிட்டுத் தட்டிவிட்டு அவர் கையும் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் மாமா கண்ணைத் திறக்கவில்லை இன்னும். கடவுளே, எதுவும் ஆயிடக்கூடாது. எதுவும் ஆயிடக்கூடாது.

ஏப்ரல் 3, வியாழன்

விடியும்போது கண் விழித்தார். வாய் லேசாகக் குழறுகிறது. தப்பித்ததே பெரிய விஷயம் என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்து, "பிரஷரைப் பாத்தா இவர் மாத்திரையே சாப்பிடலன்னு தெரியுதே. வீட்ல யாரும் பாக்குறதில்லையா?" என்றார்.

தினம் கேட்டேன் டாக்டர், ஒரு நாள் விடாமல் கேட்டேன் என்கிறேன், அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். வீட்டுக்கு ஓடி அலமாரியைப் பார்த்தேன். மாத்திரை அட்டை ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. அப்படியே இருக்கிறது.

இவர் வந்ததும் வராததுமாக, "நீ கேட்டியா இல்லையா? உண்மையச் சொல்லு" என்றார். இத்தனை வருஷத்தில் என்னை இப்படிக் கேட்டதில்லை. கேட்டேன் என்றேன். நம்பினாரா? தெரியவில்லை.

தினம் போட்டாச்சு போட்டாச்சு என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறாரே இந்த மாமா. நான் என்ன பாவம் செஞ்சேன் அவருக்கு?

ஏப்ரல் 5, சனி

இன்றைக்குப் பேச்சு தெளிவாகிவிட்டது. கஞ்சி ஊட்டிக்கொண்டே கேட்டுவிட்டேன். அடக்க முடியவில்லை.

"ஏன் மாமா பொய் சொன்னீங்க? மருந்து போட்டாச்சான்னு தினம் கேட்டேனே!"

"போட்டேனேம்மா" என்றார். "ஒரு நாள் விடல. கம்பத்துக்கிட்ட, செவுத்தோரம், படிக்குக் கீழன்னு சுத்திச் சுத்திப் போட்டேன். தீரப்போகுதுன்னு உங்கிட்ட சொன்னேன், யாரும் வாங்கிட்டு வரல. நானே நடந்துபோய் வாங்கினேன்."

ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தேன்.

"நான் உங்க மாத்திரையக் கேட்டேன் மாமா."

"மாத்திரைன்னு நீ சொல்லவே இல்லையேம்மா."

இல்லைதான். என் பிறந்த வீட்டில் மாத்திரை என்ற வார்த்தையே புழங்காது. தலைவலிக்குப் போட்டாலும் மருந்து, வயிற்றுவலிக்குப் போட்டாலும் மருந்து. அந்த நாக்கு மாறவில்லை. டப்பாவைக் கையில் கொடுத்துப் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டு, அந்த வாரத்திலிருந்தே மருந்து போட்டாச்சா என்று கேட்டால் மனுஷன் எதை நினைப்பார்?

மாமா என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உங்க அத்தை மாத்திரையக் கையில எடுத்துக் குடுப்பா. அவ போனப்புறம் யாரு கேக்கப்போறான்னு விட்டுட்டேன். நீ தினம் போன் பண்ணுவ. எறும்பைப் பத்திக் கேட்டுட்டு வெச்சுடுவ. இந்தப் பொண்ணுக்கு எறும்பு மேல இருக்குற அக்கறை நம்ம மேல இல்லையேன்னு நெனச்சுக்குவேன். ஆனா போட்டாச்சுன்னு சொன்னாத்தானே நாளைக்கும் போன் பண்ணுவ? அதான் போட்டுக்கிட்டே இருந்தேன்."

வராந்தாவுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இவர் ஓடி வந்து என்ன என்ன என்றார். சொன்னேன். கேட்டவர், "நானும் போன் பண்ணியிருக்கலாம்" என்றார்.

ஏப்ரல் 11, வெள்ளி

மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். காலையில் நானே மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை நிற்கிறேன். கடையிலிருந்து போனும் உண்டு, இப்போது வேறு பேச்சு. சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா. மாமாவுக்குக் கொஞ்சம் கூச்சம்.

இவர் லீவு போட்டு, முழங்கை வரை உறை மாட்டி, அந்தக் கொடியை வேரோடு தோண்டினார். கொளுத்திவிடலாம் என்றார். புகை தொண்டைக்குள் போனால் அங்கேயும் அரிக்கும் என்று கடைக்காரர் தடுத்ததால் மூட்டை கட்டிப் போட்டோம். எறும்பு எங்கள் கொல்லையைக் காலி செய்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் டீச்சர் வீட்டில் குடியேறியிருக்கிறதாம். அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது.

என் கை இன்னும் ஆறவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

கம்பத்தடியில் மறுபடி ஒரு பிடி மண் கிளம்பியிருக்கிறது. பார்த்துவிட்டுப் பேசாமல் பஸ் பிடித்தேன்.

கடையில் நல்ல கூட்டம். இன்றைக்குப் போன் செய்ய ஒழியவே இல்லை. திருகாணியும் கையுமாக இருக்கும்போது போன் அடித்தது. வீட்டிலிருந்து. திருகாணியைப் போட்டுவிட்டு எடுத்தேன்.

"மருந்து போட்டாச்சா?" மாமா குரல்.

"எந்த மருந்து மாமா? புத்துக்கா?"

"எறும்பு கெடக்குது. என் மாத்திரை உள்ள போயாச்சு. உன் கைக்குப் போட்டியான்னு கேட்டேன்."

இல்லை என்றேன்.

"போடு. நான் லைன்ல இருக்கேன்."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பையிலிருந்து களிம்பை எடுத்தேன். வாங்கிய நாளிலிருந்து மூடிகூடத் திறக்கவில்லை. இரண்டு மணிக்கட்டிலும் நிதானமாகத் தடவினேன். முதலாளி அறைக்குள் எட்டிப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும்.

"போட்டாச்சு மாமா" என்றேன்.