சுவரில் நிற்கிற மனுஷன்

குளிர்மாதம் 3

கடையில் இன்றும் படைக்கான செருப்புத் தையல்தான். வீட்டுக்கு வந்ததும் நேரே சுவரைப் பார்த்தேன். இருந்தார். அதாவது, என் வீட்டுக்காரரின் நிழல்.

பாறை அரக்கர்களுக்கு மனுஷன் தெரியமாட்டான், நிழல்தான் தெரியும். அதனால் போருக்குப் போகிறவர்களின் நிழலைக் கழற்றி, இடது குதிகாலில் ஒரே ஒரு ஆணி அடித்து, வீட்டுச் சுவரில் விட்டுவிடுவார்கள். அங்கே அவர் செய்வதை இது இங்கே செய்யும். இன்று எதையோ மென்றுகொண்டிருந்தது. என்ன சாப்பிட்டீங்க? உப்பாவது இருந்துச்சா?

குளிர்மாதம் 9

படை ஆற்றங்கரைக்குப் போய்விட்டதாம். நாளைக்குச் சண்டை. நிழலுக்கு இருப்புக் கொள்ளவில்லை, அடுப்படிப் பக்கமே சாய்கிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கட்டினவ பக்கத்துல கொஞ்ச நேரம் நின்னா குறைஞ்சா போயிடுவீங்க? செருப்பு ஆணி ஒன்றை எடுத்து வலது காலிலும் அடித்தேன். இப்போது கட்டிலுக்கு நேரே நிற்கிறார்.

குளிர்மாதம் 10

வாளை வீசினார், குனிந்தார், நிமிர்ந்தார். கால் மட்டும் அசையவே இல்லை. என் ராசா!

குளிர்மாதம் 13

நாத்தனார் மூச்சு வாங்க ஓடி வந்தாள். "அண்ணி, ஜெயிச்சாச்சு! எல்லாரும் ஓடினாங்களாம், அண்ணன் மட்டும் நின்னாராம். அதைப் பாத்துட்டுத்தான் ஓடினவங்களும் திரும்பினாங்களாம்!" அப்புறம் சுவரைப் பார்த்தாள். "அடிப்பாவி... ரெண்டு காலுக்குமா அடிச்சே?"

வலது கால் ஆணியைக் குறட்டால் பிடுங்கினேன். நிழல் பொத்தென்று உட்கார்ந்தது.

குளிர்மாதம் 24

வந்துவிட்டார். தெருவே வாசலில் திரண்டது. கதவைச் சாத்தியதும் மெதுவாகச் சொன்னார்: "உனக்கு மட்டும் சொல்றேன். ஓடத்தான் பாத்தேன். உன்கிட்ட வரத்தான். கால் வரல."

குளிர்மாதம் 27

தளபதியின் ஆள் வந்திருந்தான். வடக்கே அடுத்த போராம், முன்வரிசைக்கு 'அசையாதவர்' வேண்டுமாம். இவர் தலையாட்டிவிட்டார். இன்னொரு தடவை சுவரோடு குடும்பம் நடத்த என்னால் முடியாது. முடியவே முடியாது. தெருமுனை வரை அந்த ஆளின் பின்னாலேயே ஓடி, ஆணியைப் பற்றியும் சொன்னேன், இவர் ஓடப் பார்த்ததையும் சொன்னேன். நாலு பேர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

மழைமாதம் 6

படை போய்விட்டது. இவரைக் கூப்பிடவில்லை. தெருவில் இவரோடு யாரும் பேசுவதில்லை. இவர் என்னோடு பேசுவதில்லை. பக்கத்தில்தான் படுத்திருக்கிறார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டுப் பார்த்தேன்.